கழன்று ஓடிய வலது சக்கரம்

குத்துவிளக்கு ஏற்றிவிட்டு வந்து சிறப்பு விருந்தினர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். ரோபோவைத் தரையில் வைத்து ஓடவிட்டார்கள். அது ஒரு முழம் ஓடியது. அதற்குப் பிறகு அதன் சக்கரங்களில் ஒன்று மட்டும் தனியாகப் பிரிந்து உருண்டு வந்து, அவருடைய ஷூவில் முட்டிச் சாய்ந்தது. திருவண்ணாமலையில் எங்கள் பொறியியல் கல்லூரியில் ரோபோ மன்றம் பிறந்த கதை இதுதான்.

அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்தை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் நான் புடவை கட்டிக்கொண்டு சந்தனத் தட்டோடு நின்றிருந்தேன். விழா என்று வந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் பெண்களுக்கு அந்த ஒரு வேலை நிச்சயம் உண்டு. சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு, சிரித்த முகம். "இந்தாம்மா" என்று சக்கரத்தைக் கற்கண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் மன்றத் தலைவன் என்னிடம் வந்து கையை நீட்டினான். என் வகுப்புதான் அவன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு. அந்தக் காற்று பட்டதாலோ என்னவோ, தண்ணீர் கேட்டால்கூட உத்தரவு போடுகிற மாதிரிதான் கேட்பான். எல்லாரும் அவனைக் கேப்டன் என்று கூப்பிடுவோம். அவன் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டதே இல்லை.

"சக்கரத்த குடு."

"தர மாட்டேன்."

"இன்னாடி விளையாடற?"

"எங்கிட்டதானே குடுத்தாரு? இனிமே சக்கர வேல என்னுது."

அவனுக்கு நான் கேட்டது புரியவில்லை. நானும் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம்தான், அவனும் மூன்றாம் வருஷம்தான். ஆனால் மன்றத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை தெர்மாகோலில் மலை செய்வது. எங்கள் ஊரில் எல்லாரும் கிரிவலம் போகிற மாதிரி ரோபோவும் மலை சுற்ற வேண்டும், அதற்கு நடுவில் ஒரு மலை வேண்டும், மலை செய்ய ஒரு பெண் வேண்டும் என்று அவனே முடிவு செய்திருந்தான். பச்சைப் பெயிண்ட் அடித்து, ஓரத்தில் மரத்தூள் தூவி, உச்சியில் பஞ்சால் ஒரு மேகம் வைக்கிற வரைக்கும் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டில் என்னை வாய்க்காரி என்பார்கள். அந்த வாயை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கே என்மேல் கோபம்.

"நீ சக்கரம் பாத்தா மலைய யாரு பாத்துக்கறது?" என்றான்.

"மலை எங்க ஓடிடப் போகுது? அதுக்கு இன்னா சக்கரமா இருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கேப்டனுக்குக் காது சிவந்தது. அந்தச் சூட்டில் அவன் ஒரு நிபந்தனை போட்டான், நானும் அதே சூட்டில் ஒத்துக்கொண்டேன். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ரோபோ போட்டி வருகிறது. அது வரைக்கும் சக்கர வேலை என் கையில். அங்கே சக்கரம் கழன்றால் படிப்பு முடிகிற வரை எனக்குத் தெர்மாகோல், சார்ட் பேப்பர், சந்தனத் தட்டு. மோட்டார் பக்கமே வரக் கூடாது.

"கழண்டா மலைக்கே திரும்பிப் போறேன்" என்றேன் கம்பீரமாக.

சக்கரம் மாட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மோட்டாரின் வயிற்றிலிருந்து சின்னதாக ஒரு இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஷாஃப்ட் என்பது அதுதான். மொழுமொழுவென்று உருண்டையாக, பிடிமானமே இல்லாமல் இருக்கும். சக்கரத்தின் ஓட்டை அதைவிட ஒரு மயிரிழை பெரிது. அந்த மயிரிழையில்தான் எல்லா வம்பும். மோட்டார் தன் பாட்டுக்குச் சுற்றும், சக்கரம் தன் பாட்டுக்குச் சும்மா நிற்கும். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

கேப்டன் அங்கே பசையை ஊற்றியிருந்தான். உடனே ஒட்டும், விரலையும் சேர்த்து ஒட்டும், அந்தச் சின்னக் குப்பிப் பசை. மோட்டார் சூடானதும் அது உப்பு மாதிரி பொரிந்து உதிர்ந்துவிட்டது. நான் அவனைவிடக் கெட்டிக்காரி இல்லையா, செய்தித்தாளைக் கிழித்துச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். பத்துச் சுற்றில் அது வெளியே வந்துவிட்டது. பிறகு பம்பரத்துக்குக் கயிறு சுற்றுவதுபோல ஷாஃப்டில் நூலைச் சுற்றினேன். பிறகு சைக்கிள் டியூபை வெட்டிச் செருகினேன். அது பிடித்துக்கொண்டது என்னவோ உண்மை. ஆனால் ரோபோ சம்பள நாள் சாயங்காலத்து ஆசாமி மாதிரி தள்ளாடித் தள்ளாடிப் போனது.

"இதுக்குப் பேரு மெக்கானிக்கலா?" என்று கேப்டன் வாசலில் நின்றுகொண்டு கேட்டான். மலையின் மேல் படிந்த தூசியை அவன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

கடைசியில் ஒர்க்‌ஷாப் லேபில் உட்கார்ந்து ஷாஃப்டின் நுனியில் மரை வெட்டினேன். போல்டில் சுற்றிச் சுற்றி ஓடுமே ஒரு வரி, அந்த மரைதான். சக்கரத்தின் நடுவில் உள்பக்கம் மரை போட்ட பித்தளைக் குழல் ஒன்றை இறுக்கிப் பொருத்தினேன். இப்போது சக்கரத்தை ஷாஃப்டின் மேல் வைத்து வலப்பக்கமாகத் திருகினால் பாட்டில் மூடி மாதிரி ஏறி இறுகிக்கொள்ளும். கழற்ற வேண்டும் என்றால் இடப்பக்கமாகத் திருக வேண்டும். திருகி இறுக்கிவிட்டுக் கேப்டனிடம் நீட்டினேன். அவன் இழுத்தான், ஆட்டினான், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். வரவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை, பேசாமல் நிற்பதில் இருக்கும் சுகத்தை அன்றுதான் அனுபவித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் ரோபோ தினமும் மலை சுற்றியது. பழைய வரவேற்பு ஃப்ளெக்ஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளை முதுகில் கறுப்பு டேப்பை வட்டமாக ஒட்டியிருந்தோம். அதில் அச்சடித்திருந்த யாரோ ஒரு பெரிய மனிதர் கும்பிட்டபடி தரையைப் பார்த்துப் படுத்திருந்தார். நடுவில் என் தெர்மாகோல் மலை. ரோபோ கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடும், கிரிவலப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கத்துக்கும் ஒவ்வொரு இடத்தில் நின்று, பீப் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி கிளம்பும்.

அதற்குப் புரோகிராம் எழுதியவன் குருக்கள். கோயிலில் பூஜை செய்கிற குடும்பத்துப் பிள்ளை, காலையில் அப்பாவுக்குத் துணையாக நின்றுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு கல்லூரிக்கு வருவான். எங்களுக்கு அவன் பெயரே குருக்கள் என்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டரில் கை வைத்தால் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓட விடுவதற்கு முன்னால் ரோபோவின் தலையில் ஒரு சிட்டிகை விபூதி வைப்பான். அது உதிர்ந்து கீழே கறுப்புக் கோட்டில் விழும். கோடு வெள்ளையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ரோபோ வழி மாறி மலைக்குள்ளேயே முட்டும்.

"சாமிக்கு வெக்கறத கம்மியா வெய்டா. கண்ணு தெரியாம போகுது பாரு அதுக்கு."

"கம்மியாதான் வெக்கறேன். நீ ஜாஸ்தியா பேசற."

முதல் நாள் நான் ரோபோவைக் கோட்டின் மேல் ஏதோ ஒரு பக்கம் பார்த்து வைத்தேன். குருக்கள் பாய்ந்து வந்து திருப்பி வைத்தான். "அப்பிரதட்சிணமா சுத்தப் பாக்கறியே! மலை வலது கைப் பக்கம் இருக்கணும்." நான் சிரித்தேன். தெர்மாகோல் மலைக்கு வலது என்ன, இடது என்ன என்று அவனை ஒரு வாரம் ஓட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு நான் எடுத்து வைத்தாலும் மலை வலது பக்கம்தான் இருந்தது. கேப்டன் வைத்தாலும் அப்படித்தான். பேராசிரியர் வந்து வைத்தாலும் அப்படித்தான். காரிடாரில் போகிற ஆபீஸ் அட்டெண்டர் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார், கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார். ஒரு நாள் ரோபோவுக்குச் செவ்வந்திப்பூ ஒன்றும் வைத்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தோடு பஸ்ஸில் நிற்க இடம் இல்லாமல் கீழ்பென்னாத்தூரிலிருந்து நசுங்கி வருகிற எனக்கு, மலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. மூளைக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். இடது சக்கரம் நாளாக ஆக இறுகிக்கொண்டே போனது. கழற்ற வேண்டும் என்றால் கட்டிங் பிளேயர் வேண்டும். வலது சக்கரத்தை நான் போகிற போக்கில் விரலால் ஒரு திருகு திருகிவிட்டுக்கொண்டே இருந்தேன். இடது பக்கத்து மரையை இன்னும் நன்றாக வெட்டியிருக்கிறேன் போலிருக்கிறது என்று நானே எனக்கு முதுகில் தட்டிக்கொண்டேன். கேப்டன்கூட மலைப் பேச்சை விட்டுவிட்டான். வேலூருக்குக் கிளம்பிய காலையில் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டி நடந்த ஹாலில் கோடு முட்டை வடிவத்தில் இருந்தது, ஒரு இடத்தில் மட்டும் பாம்பு மாதிரி ஒரு வளைவு. நடுவில் மலை இல்லை, ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வாய்ப்பு. ஓட்டப் பந்தய மைதானத்தில் ஓடுகிற மாதிரி எல்லா ரோபோவும் இடப்பக்கமாகவே சுற்றின. எங்கள் முறை வந்ததும் அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர் எங்கள் ரோபோவை வாங்கி, மற்றவை நின்ற அதே பக்கம் பார்த்து வைத்தார். நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில்தான் நின்றோம். ஏதோ உறுத்தியது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி. என்ன என்று தெரியவில்லை.

விசில் அடித்தார்கள். ரோபோ கிளம்பியது, இடப்பக்கம் வளைந்தது, மறுபடி வளைந்தது. முதல் சுற்று முடிவதற்குள் வலது சக்கரம் மெதுவாக வெளியே வர ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் உட்கார்ந்து நிதானமாகத் திருகிக் கழற்றுகிற மாதிரி வந்தது. கடைசி மரையும் விட்டது. சக்கரம் நேராக உருண்டு போய்ப் பக்கத்துக் குழுவின் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டது.

ரோபோ நிற்கவில்லை. இருந்த ஒரே இடது சக்கரத்தால் தன்னைத் தானே சுற்ற ஆரம்பித்தது. சக்கரம் போன பிறகும் அது வலமாகத்தான் சுற்றியது.

"பாரு, அதுக்கே தெரியுது" என்றான் குருக்கள்.

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. கேப்டன் என்னைப் பார்க்கவில்லை. அவன் ஹாலின் கூரையைப் பார்த்துக்கொண்டு, "மலைக்குப் பச்சை பெயிண்ட் மறுபடி ஒரு கோட்டிங் அடிக்கணும்" என்று மட்டும் சொன்னான். அவன் கத்தியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இதற்கு எப்படிக் கத்துவது? மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ச் சக்கரத்தை எடுத்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், வெளியே வரப் பிடிக்கவில்லை. படிப்பு முடிகிற வரை சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிற என்னை நானே பார்த்தேன். சக்கரம் மாட்டத் தெரியாதவள் என்ற பெயரோடு நிற்க வேண்டும் என்பதுதான் தாங்கவில்லை.

உட்கார்ந்த இடத்தில் சக்கரத்தின் மரையைத் தடவிப் பார்த்தேன். தேயவில்லை, பிசிறு இல்லை, புதுசு மாதிரி இருந்தது. பிறகு ஏன் கழன்றது? விரலால் இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தபோது எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் ஞாபகம் வந்தது. அதன் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியைக் கழற்றும்போதெல்லாம் நான் எல்லா மூடியையும் போல இடப்பக்கம் திருகுவேன், அது இன்னும் இறுகும். "எதிர்ப்பக்கம் திருகுடி, எத்தினி தடவ சொல்றது" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள். ஃபேன் சுற்றுகிற வேகத்தில் மூடி தானே கழன்று விழாமல் இருக்கத்தான் அப்படி மாற்றி மரை வெட்டியிருக்கிறான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. இரண்டு சக்கரத்துக்கும் நான் ஒரே பக்கத்து மரைதான் வெட்டியிருந்தேன். ரோபோ முன்னால் ஓடும்போது இடது மோட்டார் தன் சக்கரத்தைத் தானே இறுக்கிக்கொள்ளும். வலது மோட்டார் தன் சக்கரத்தைத் தானே கழற்றிக்கொள்ளும். ஆனால் மலையை வலமாகச் சுற்றும்போது வெளி ஓரத்தில் இருக்கும் இடது சக்கரம்தான் மூச்சு வாங்க ஓடும். மலைப் பக்கம் இருக்கும் வலது சக்கரம் சும்மா கூடவே வரும், அதற்கு வேலை கம்மி, கொஞ்சம் தளர்ந்ததையும் நான் போகிற போக்கில் திருகிவிட்டேன், அதனால் கழலவும் இல்லை. இங்கே இடமாகச் சுற்றச் சொன்னதும் முழு வேலையும் வலதின் தலையில் விழுந்தது. இத்தனை நாளில் ஒரே ஒரு தடவை, விளையாட்டுக்காவது, எதிர்ப்பக்கம் ஓடவிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் எவன் விடுவான்? சாமியைக் கும்பிடாத மாதிரி பேசித் திரிந்த நானே விடவில்லை.

மேசைக்கு அடியில் உட்கார்ந்தபடியே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் குழுப் பெண் குனிந்து பார்த்து, "அக்கா, அழறீங்களா?" என்று கேட்டாள்.

இரண்டாவது வாய்ப்புக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அங்கே வைத்து மரையை மாற்ற வழி கிடையாது. வலது சக்கரத்தைப் பிளேயரால் முடிந்தவரை இறுக்கினேன். பிறகு குருக்களின் சட்டைப் பையில் கையை விட்டு விபூதிப் பொட்டலத்தை எடுத்து, நெற்றியில் மூன்று விரலாலும் அழுத்தி இழுத்துக்கொண்டேன். அவன் என்னைப் பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். நேராக நடுவரிடம் போனேன். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த ஒரு மேடம் அவர், வேறு கல்லூரிப் பேராசிரியை.

"மேடம், நாங்க எதிர்ப்பக்கமா ஓட்டிக்கலாமா?"

"ஏம்மா?"

"நாங்க திருவண்ணாமலைங்க மேடம். நாங்க எதையும் இடமா சுத்த மாட்டோம். எங்க ஊர்ல அது ஆகாதுங்க."

"இது ரோபோம்மா."

"இருந்தாலும் எங்க ஊரு ரோபோங்க."

ஹாலில் ஒரே சிரிப்பு. கேப்டன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். எதிர்க் குழுக்காரன் ஒருவன், "அதெல்லாம் ஒத்துக்க முடியாது" என்று எழுந்தான். நான் இன்னும் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு, "ரூல்ல எந்தப் பக்கம்னு போடலிங்களே மேடம். ஆரம்பிச்ச இடத்துலயே வந்து முடிக்கணும்னுதான் போட்டிருக்குது" என்றேன். மேடம் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு விதிகளைப் படித்தார், என் நெற்றியையும் படித்தார். பிறகு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

குருக்கள்தான் ரோபோவை வைத்தான். வைத்த கையோடு பொட்டலத்தைத் தேடினான், அது என்னிடம் இருந்தது. "வேணாம்டா, கண்ணு தெரியாம போயிடும்" என்றேன் காதோடு. ரோபோ கிளம்பியது. வலப்பக்க வளைவுகளில் சொந்த ஊர்த் தெருவில் போகிற மாதிரி போனது. பாம்பு வளைவில் ஒரு இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே வலது சக்கரம் லேசாகத் தலையை நீட்டியது எனக்குத் தெரிந்தது. அண்ணாமலையாரே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, அது நடிப்பு இல்லை. வளைவு முடிந்தது, சுற்றுகளும் முடிந்தன. ஆரம்பித்த இடத்துக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் அது பீப் என்று ஒரு சத்தமும் போட்டது.

எங்களுக்கு மூன்றாம் இடம். பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, ஓடி முடித்தவையே கம்மி. மேடம் கைகொடுத்துவிட்டு ரோபோவைத் தூக்கினார். இரண்டு விரலால் வலது சக்கரத்தை இடப்பக்கமாக ஒரு திருகு திருகினார். அது சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கையோடு வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"அடுத்த வருஷம் எந்தப் பக்கம்னு ரூல்ல போட்டுடுவேன்" என்றார். "பக்தி ஜாஸ்திதான் உனக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேப்டன் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். போளூர் தாண்டிய பிறகு வாயைத் திறந்தான்.

"கழண்டுச்சு இல்ல?"

"ஓடி முடிச்சுது இல்ல?"

"கழண்டுச்சா இல்லையா, அத சொல்லு. பேச்சுன்னா பேச்சுதான். நாளைலேர்ந்து மலை."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நியாயம் அவன் பக்கம் இருந்ததுதான் ஆத்திரம். நான் சொன்ன வார்த்தை, சொன்ன இடம், எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக நாங்கள் நினைத்த குருக்கள் திரும்பினான்.

"அவ மாட்டின சக்கரம் கழண்டுது, சரி. எதிர்ப்பக்கம் ஓட்டிப் பாக்காம விட்டது யாரு? நான்தானே திருப்பி வெச்சேன்? அப்புறம் நீயும் அதே பக்கம்தானே வெச்ச? அப்போ நாம மூணு பேரும் சேந்து மலை பண்ணலாம். நீ பஞ்சு ஒட்டு."

கேப்டன் மடியிலிருந்த சான்றிதழைச் சுருட்டினான், பிரித்தான். அவசரத்தில் பேசினாலும் அநியாயத்தில் நிற்க மாட்டான், அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இறங்குவதற்கு முன்னால், "இன்னொரு தடவ. எதிர்ப்பக்கம் ஓடணும், கழலக் கூடாது. கழண்டா மறுபேச்சு இல்ல" என்றான்.

நான் மரையை நம்புவதை விட்டேன். ஷாஃப்டின் உருண்டை முதுகை அரத்தால் ராவி ஒரு பக்கம் மட்டும் தட்டையாக்கினேன். சக்கரத்தின் பித்தளைக் குழலில் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, அதற்குள் தலையில்லாத குட்டி ஸ்க்ரூ ஒன்றை இறக்கினேன். அதன் நுனி ஷாஃப்டின் தட்டையான இடத்தில் போய் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். உருண்டையில் வழுக்கிப் போகலாம், தட்டையில் எங்கே போகும்? இனி எந்தப் பக்கம் சுற்றினாலும் சக்கரமும் ஷாஃப்டும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் அப்படியே செய்தேன். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் பசை, பேப்பர், நூல், டியூப், விபூதி.

சோதனை அன்று ஃப்ளெக்ஸை விரித்தோம். மலையை நடுவில் வைத்தேன், பழக்கம். ரோபோவை முதல் தடவையாக எதிர்ப்பக்கம் பார்த்து வைத்தேன். காரிடாரில் நின்று வேடிக்கை பார்த்த அட்டெண்டர், "யம்மா, தப்பா வெச்சிருக்க பாரு" என்றார். குருக்கள் வந்து ரோபோவின் முன்னால் கையை வைத்து மறித்தான்.

"மலைய உள்ள வெச்சிட்டு இந்தப் பக்கம் ஓட விட மாட்டேன்."

"டேய், இது தெர்மாகோல்டா."

"இருக்கட்டும். செஞ்சது நீயேதான். நேர்ல பாத்த மாதிரியே இருக்குது."

இதை அவன் குத்தலாகச் சொல்லவில்லை, பாராட்டாகச் சொன்னான்.

"அப்போ மலைய எடுத்துடு" என்றேன். "நடுவுல ஒண்ணும் இல்லன்னா எந்தப் பக்கம் சுத்தினா இன்னா?"

குருக்கள் யோசித்தான். அவன் முகம் தெளிந்தது. "அது சரி. ஆனா நான் தூக்க மாட்டேன். மலைய நகத்தினேன்னு எங்க வீட்ல தெரிஞ்சா இன்னா ஆகும்?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

நான் தரையில் குப்புறப் படுத்து, எல்லன் கீயால் அந்தக் குட்டி ஸ்க்ரூவுக்குக் கடைசித் திருகு கொடுத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் கேப்டனைப் பார்த்தோம். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், பின்னால் யாரும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே வந்து குனிந்து இரண்டு கையாலும் மலையை அணைத்துத் தூக்கினான். பஞ்சு மேகம் அவன் மூக்கில் உரசியது. தெர்மாகோல் உருண்டைகள் சட்டை முழுக்க ஒட்டிக்கொண்டன.

சுவிட்சைப் போட்டேன். வெறும் வட்டத்தில் ரோபோ இடப்பக்கமாக ஓடியது. முதல் சுற்று முடிந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. வலது சக்கரம் அசையவில்லை, நடுங்கவில்லை, தலையை நீட்டவில்லை. எட்டு இடத்திலும் நின்றது, பீப் சொன்னது, கிளம்பியது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது, படுத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"போதும்டி, ஒத்துக்கறேன்" என்றான் கேப்டன், மலைக்குப் பின்னாலிருந்து. "சக்கரம் உன்னுதுதான். இத எங்க வெக்கறது?"

"கொஞ்ச நேரம் புடிச்சிட்டிரு" என்றேன். "இன்னும் நாலு சுத்து சுத்தட்டும்."